மதுரையின் பருவகாலங்களும் புவியின் அச்சுச் சாய்வும்

மதுரையின் பருவகாலங்கள் என்பன, மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் ஓராண்டில் மாறிமாறி வரும் வெயில், காற்று, மழை, பனி ஆகிய காலப் பிரிவுகள் ஆகும். புவியின் அச்சு சாய்ந்திருப்பதும், சாய்ந்த நிலையிலேயே அது சூரியனைச் சுற்றிவருவதும் இவற்றுக்கு அடிப்படைக் காரணம். மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 9.9 பாகை அகலாங்கில் அமைந்துள்ளது. எனவே பாடநூல்களில் பெரிதும் விளக்கப்படும் கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்ற நான்கு பருவங்கள் இவ்வூருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கு கடும் வெயில் ஜூனில் அல்லாமல் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கிறது. பெருமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்கிறது. இவ்வேறுபாடுகளுக்கும் அதே அச்சுச் சாய்வுதான் காரணம். அது மதுரையில் இரண்டு வழிகளில் செயற்படுகிறது. ஒன்று, நண்பகல் சூரியனின் உயரத்தை மாற்றுவது. மற்றொன்று, காற்றின் திசையைத் திருப்புவது.

அச்சுச் சாய்வு

புவி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அதன் சுற்றுப்பாதைத் தளத்திற்குச் செங்குத்தாக இல்லாமல் சுமார் 23.4 பாகை சாய்ந்துள்ளது. ஓராண்டு முழுவதும் அச்சு விண்வெளியில் ஏறத்தாழ ஒரே திசையையே, அதாவது வட துருவ விண்மீன் பக்கத்தையே, நோக்கியிருக்கும். புவி சூரியனின் ஒரு பக்கத்தில் இருக்கும்போது வட அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபக்கம் சென்றதும் தென் அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சு இப்படியும் அப்படியும் ஆடுவதில்லை. புவி நிற்கும் இடம் மாறுவதால்தான் சாய்வின் பக்கம் மாறுகிறது.

இதன் விளைவாக, சூரியன் நேர் உச்சியில் தோன்றும் இடம் ஆண்டுதோறும் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வடக்கும் தெற்குமாக நகர்கிறது. மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய நாட்களில் அது நிலநடுக்கோட்டின் மேல் இருக்கும். இவை சம இரவு நாட்கள் எனப்படும். ஜூன் 21 அளவில் கடகரேகையையும், டிசம்பர் 21 அல்லது 22 இல் மகரரேகையையும் அது அடையும். இவை கதிர்த் திருப்ப நாட்கள் எனப்படும்.

சாய்வு வெப்பத்தை மாற்றும் விதத்தை ஒரு டார்ச் விளக்கால் அறியலாம். விளக்கைத் தரைக்கு நேர் மேலே பிடித்தால் சிறிய, பிரகாசமான ஒளிவட்டம் விழும். சாய்த்துப் பிடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்கிவிடும். சூரியன் தாழ்வாக இருக்கும் காலத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்குக் கிடைக்கும் வெப்பம் இவ்வாறே குறைகிறது. அத்துடன் பகல் நேரமும் குறைவதால் குளிர் கூடுகிறது.

தூரம் காரணமா?

கோடையில் புவி சூரியனுக்கு அருகில் செல்கிறது, குளிர்காலத்தில் விலகிச் செல்கிறது என்பது பரவலாக உள்ள தவறான கருத்து. புவியின் பாதை சற்றே நீள்வட்டமானது என்பது உண்மை. ஆனால் புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி 3 முதல் 5 வரையிலான நாட்களில்தான். அப்போதைய தூரம் சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை 4 ஐ ஒட்டி. அப்போதைய தூரம் சுமார் 15.21 கோடி கிலோமீட்டர். அதாவது, அதிகாலைப் பனியில் கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் மார்கழி மாதத்தின் 20 ஆம் நாள் அளவில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் உள்ளது. ஆனி மாத வெயிலில் அது மிகத் தொலைவில் உள்ளது.

இரண்டு தூரங்களுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 50 லட்சம் கிலோமீட்டர். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், இது மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். இதனால் புவி பெறும் சூரிய ஆற்றல் ஜூலையைவிட ஜனவரியில் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக இருக்கும். தூரமே பருவத்தைத் தீர்மானித்தால் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் கோடை வர வேண்டும். ஆனால் தைப் பொங்கலை கனடாவில் வாழும் தமிழர்கள் உறைபனியிலும், ஆஸ்திரேலியத் தமிழர்கள் கடும் கோடையிலும் கொண்டாடுகின்றனர்.

மதுரையில் தூரத்தின் விளைவு முற்றிலும் இல்லாமல் போவதில்லை. டிசம்பர் இறுதியில் தாழ்ந்து நிற்கும் சூரியனின் வெப்பத்தை அண்மைத் தூரம் சற்றே கூட்டுகிறது. ஜூனில் உயர்ந்து நிற்கும் சூரியனின் வெப்பத்தைத் தொலைவு சற்றே குறைக்கிறது. எனவே தூர வேறுபாடு இங்கு பருவங்களை உண்டாக்குவதில்லை. அவற்றின் கடுமையைச் சிறிது தணிக்கிறது.

தமிழ் மாதங்களில் தெரியும் நீள்வட்டம்

நீள்வட்டப் பாதையின் விளைவை வெயிலைவிடத் தமிழ் நாட்காட்டியில் தெளிவாகக் காணலாம். கெப்லரின் விதிப்படி, சூரியனுக்கு அருகில் உள்ளபோது புவி விரைவாகவும், தொலைவில் உள்ளபோது மெதுவாகவும் செல்லும். ஜனவரியில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 30.3 கிலோமீட்டர். ஜூலையில் சுமார் 29.3 கிலோமீட்டர்.

தமிழ் மாதம் என்பது சூரியன் ஓர் இராசியைக் கடப்பதாகத் தோன்றும் காலம். ஓர் இராசி என்பது 30 பாகை. புவி மெதுவாகச் செல்லும்போது இந்த 30 பாகையைக் கடக்கக் கூடுதல் நாட்கள் ஆகும். எனவே ஆனி மாதம் ஏறத்தாழ 31.6 நாள் நீளமுடையது. நாட்காட்டியில் அது பெரும்பாலும் 32 நாளாக வரும். மார்கழி ஏறத்தாழ 29.3 நாள்தான். மார்ச் மாதச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள் வரை சுமார் 186 நாட்களும், அங்கிருந்து மீண்டும் மார்ச் வரை சுமார் 179 நாட்களும் ஆவதும் இதனால்தான். ஆனிக்கு 32 நாளும் மார்கழிக்கு 29 நாளும் ஏன் என்று கேட்கும் மாணவருக்கு விடை புவியின் வேகத்தில் உள்ளது.

மதுரையில் நண்பகல் நிழல்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட எல்லா ஊர்களிலும் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். மதுரையில் இது ஏப்ரல் 16 ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27 ஐ ஒட்டியும் நிகழ்கிறது. இந்நாட்களில் செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் நண்பகலில் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இதனால் இவை நிழலில்லா நாட்கள் எனப்படுகின்றன. உச்சிச் சூரியன் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், ஏப்ரலில் கன்னியாகுமரியில் சில நாட்கள் முன்னதாகவும் சென்னையில் சுமார் ஒரு வாரம் பின்னதாகவும் இந்நாள் வருகிறது.

மதுரையில் ஒரு மீட்டர் உயரக் கம்பின் நண்பகல் நிழல் ஓராண்டில் பின்வருமாறு மாறும்.

டிசம்பர் 22 அளவில்: வடக்கு நோக்கி சுமார் 66 சென்டிமீட்டர். சூரியனின் உயரம் சுமார் 56.6 பாகை.
மார்ச் 21 அளவில்: வடக்கு நோக்கி சுமார் 17 சென்டிமீட்டர். சூரியனின் உயரம் சுமார் 80 பாகை.
ஏப்ரல் 16 அளவில்: நிழல் இல்லை.
ஜூன் 21 அளவில்: தெற்கு நோக்கி சுமார் 24 சென்டிமீட்டர். சூரியனின் உயரம் சுமார் 76.5 பாகை.
ஆகஸ்ட் 27 அளவில்: நிழல் இல்லை.
செப்டம்பர் 23 அளவில்: மீண்டும் வடக்கு நோக்கி சுமார் 17 சென்டிமீட்டர்.

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நான்கு மாதங்களுக்கும் மேலாக மதுரையின் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. அக்காலத்தில் வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் படும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சுவரும் தெற்குத் திண்ணையும் வெயில் பெறும். இலண்டன் போன்ற கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும். அந்நாட்டுப் படங்களைப் பார்த்து எழுதிய விளக்கத்தை மதுரை மாணவர் தம் வீட்டு வாசலில் சரிபார்த்தால் குழப்பம் ஏற்படுவது இயல்பு.

பகலின் நீளம்

மதுரையில் மிக நீண்ட பகல் ஜூன் 21 ஐ ஒட்டிச் சுமார் 12 மணி 40 நிமிடம். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22 ஐ ஒட்டிச் சுமார் 11 மணி 30 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். டெல்லியில் இவ்வேறுபாடு மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். இலண்டனில் எட்டு மணி நேரத்திற்கும் மேல். பகல் நீளமும் நண்பகல் உயரமும் அதிகம் மாறாததால்தான் மதுரையில் உண்மையான குளிர்காலம் இல்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களிலும் பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே உள்ளது. மே மாதத்தில் அது 37, 38 டிகிரியை எட்டுகிறது.

மே மாத வெயிலும் அக்கினி நட்சத்திரமும்

சூரியன் ஏப்ரல் நடுவில் உச்சிக்கு வந்தும், வெயிலின் கடுமை மே மாதத்தில் மிகுவதற்குக் காரணம் வெப்பத் தேக்கம் ஆகும். அடுப்பில் வைத்த பானை உடனே கொதிப்பதில்லை. பெறும் வெப்பம் இழக்கும் வெப்பத்தைவிட மிகுதியாக இருக்கும் வரை அதன் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிலமும் அவ்வாறே. ஏப்ரல் 16 க்குப் பிறகு சூரியன் வடக்கே நகர்ந்தாலும் அதன் நண்பகல் உயரம் 76 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. பகலும் நீண்டுகொண்டே போகிறது. வைகை மணலும் கண்மாய்களும் வறண்டு கிடப்பதால், நீரை ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெப்பமும் நிலத்தையும் காற்றையும் சூடேற்றுகிறது. இடையிடையே மாலையில் இடியுடன் பெய்யும் கோடை மழை மட்டுமே தணிவு தருகிறது.

மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடியும் கத்திரி வெயில் காலத்தில், சூரியன் கார்த்திகை விண்மீனை ஒட்டிய வான்பகுதியில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவ்விண்மீன் கூட்டம் நமக்கு வெப்பம் தருவதில்லை. அது நாளைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே.

ஆகஸ்ட் இறுதியில் சூரியன் இரண்டாம் முறை உச்சிக்கு வரும்போது மே மாத அளவு வெப்பம் ஏற்படுவதில்லை. அப்போது வானில் மேகமும் காற்றில் ஈரமும் கூடியிருக்கும். மாலை மழையும் பெய்யும். ஆயினும் மழையில்லாத நாட்களில் வெயில் சுடவே செய்யும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்ற பழமொழி இந்த இரண்டாம் வெயிலையும் அதைத் தொடரும் மழையையும் ஒருங்கே சொல்கிறது.

காற்றின் திசை மாற்றமும் மழையும்

அச்சுச் சாய்வின் இரண்டாவது, பெரிய விளைவு பருவக்காற்று ஆகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை உச்சிச் சூரியன் வடக்கே செல்லச் செல்ல, வட இந்திய நிலப்பரப்பு கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. அங்கு காற்று மேலெழுந்து தாழ்வழுத்தம் உண்டாகிறது. இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பகுதியிலிருந்து ஈரக் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து அதை நோக்கி வருகிறது. புவியின் சுழற்சியால் இக்காற்று வலப்பக்கம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஜூன் முதல் நாள் அளவில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவது வழக்கம்.

இக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. மதுரை இந்த மழை மறைவுப் பகுதியில் உள்ளது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்குரிய காற்று இதுவே. கேரளம் மழையில் நனையும்போது மதுரையில் புழுதி பறக்கிறது. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் சுழல்வதும் இக்காற்றால்தான்.

செப்டம்பருக்குப் பின் உச்சிச் சூரியன் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே செல்கிறது. ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து அங்கு உயரழுத்தம் உருவாகிறது. காற்றின் திசை தலைகீழாக மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை முகந்து தமிழ்நாட்டிற்கு மழையாகத் தருகிறது. இது வடகிழக்குப் பருவமழை எனப்படும். அக்டோபர் 20 அளவில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். மதுரையின் ஆண்டுச் சராசரி மழையளவு சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி இம்மூன்று மாதங்களில் கிடைக்கிறது. ஆகவே இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் முடியும்போது மதுரைக்கு அது தொடங்குகிறது.

பாசனமும் பயிரும்

மதுரைச் சமவெளியின் வேளாண்மை இவ்விரு காற்றுகளையும் நம்பியுள்ளது. மலைக்கு மேற்கே பெய்யும் தென்மேற்குப் பருவமழையை மலைக்குக் கிழக்கே கொண்டுவருவதற்காகவே முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டது. ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட இந்த அணை 1895 இல் திறக்கப்பட்டது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வருகிறது. 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் செல்கிறது. கள்ளந்திரி வரையிலான இருபோக நிலங்களுக்கு ஜூன் மாதத்தை ஒட்டியும், மேலூர்ப் பகுதி ஒருபோக நிலங்களுக்குச் செப்டம்பரை ஒட்டியும், நீர் இருப்பைப் பொறுத்துத் தண்ணீர் திறக்கப்படுகிறது. திருமங்கலம் பகுதிக் கரிசல் நிலங்களில் மானாவாரி விதைப்பு வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்தே நடக்கிறது. மாடக்குளம், வண்டியூர் போன்ற கண்மாய்கள் நிரம்புவதும் இம்மழையால்தான்.

சித்திரா பௌர்ணமியன்று கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது வைகை இயல்பாக வறண்டிருக்கும். அதனால் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. மதுரை மல்லிகையும் பருவத்திற்குக் கட்டுப்பட்டதே. கோடையில் பூத்துக் குவியும் மல்லிகை, மார்கழி, தை மாதங்களின் பனியில் விளைச்சல் குறைந்து விலை ஏறும்.

ஆறு பெரும்பொழுதுகள்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் இப்பொழுதுகளைத் திணைகளோடு இணைத்துக் கூறுகிறது. வெயிலை மட்டுமல்லாமல் மழையையும் பனியையும் அளவுகோலாகக் கொண்டதால், நான்கு பருவப் பகுப்பைவிட இது தென்னகத்துக்கு நெருக்கமானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டைக் குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவமழைக் காலம், பின்பருவ மழைக்காலம் என நான்காகப் பிரிக்கிறது.

நாட்காட்டியும் பருவமும் விலகுதல்

தை முதல் நாளில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதாக மரபில் கொள்ளப்படுகிறது. ஆனால் உண்மையான கதிர்த் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி 6, 7 அளவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் புவி அச்சின் மெதுவான தலையாட்டம். சுழலும் பம்பரத்தின் தலை வட்டமிடுவது போல, புவியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. இதனால் பருவங்களின் ஆண்டு, விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவு. தமிழ் நாட்காட்டி விண்மீன் ஆண்டைப் பின்பற்றுவதால், ஏறத்தாழ 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து விலகிச் செல்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு தை முதல் நாளும் கதிர்த் திருப்பமும், சித்திரை முதல் நாளும் சம இரவு நாளும் ஒன்றாக இருந்தன.

இன்று சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14 அளவில் வருகிறது. மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவதற்கு அப்போது இரண்டு நாட்களே இருக்கும். எனவே இக்காலத்தில் மதுரையைப் பொறுத்தவரை தமிழ்ப் புத்தாண்டு ஏறக்குறைய நிழலில்லா நாளாக அமைகிறது. இப்பொருத்தம் தற்செயலானது. சில நூற்றாண்டுகளில் மாறிவிடும்.

எளிய செயல்முறை

மாணவர்கள் இவ்விளக்கத்தைத் தாமே சரிபார்க்கலாம். சமதளமான மொட்டை மாடியிலோ பள்ளி முற்றத்திலோ ஒரு மீட்டர் கம்பை நூல்குண்டு கொண்டு செங்குத்தாக நிறுத்த வேண்டும். மதுரையில் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுவரையைக் கொண்டு அமைந்தது. மதுரை சுமார் 78.1 பாகையில் உள்ளதால் ஏப்ரல் நடுவில் நண்பகல் ஏறத்தாழ 12.17 மணிக்கு வரும். நாளுக்கு நாள் சற்று மாறும் என்பதால் 11.50 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் முனையைக் குறித்து, அவற்றில் மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதத்திற்கு இருமுறை இவ்வாறு ஓராண்டு அளந்தால், நிழல் வடக்கிலிருந்து சுருங்கி, மறைந்து, தெற்கே நீண்டு, மீண்டும் மறைந்து வடக்கே திரும்புவது தெரியும். அந்த நிழலின் வீச்சைக் கொண்டே 23.4 பாகை என்ற அச்சுச் சாய்வையும் மதுரையின் அகலாங்கையும் கணக்கிடலாம். டிசம்பரில் தெற்கே 33.4 பாகை, ஜூனில் வடக்கே 13.5 பாகை எனச் சூரியன் உச்சியிலிருந்து விலகுகிறது. இவற்றின் கூட்டுத்தொகையில் பாதி அச்சுச் சாய்வு, வேறுபாட்டில் பாதி அகலாங்கு.